தலையிடிக்கு முந்திய குளிசை

தலையிடிக்கிறது என்று அந்த அக்கா சொல்லி நான் கேட்டது குறைவு. "வரப்பாக்குது" என்றுதான் சொல்லுவார். சொல்லும்போதே கை கைப்பைக்குள் போய்விடும். தண்ணீர் தேடமாட்டார். குளிசையை நாக்கில் வைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கோழி தண்ணீர் குடிப்பதுபோல ஒரு விழுங்கல். பிறகு விட்ட இடத்திலிருந்து கதை தொடரும்.

"வந்திட்டுதா அக்கா?" என்று கேட்டால், "வரவிட்டா முடிஞ்சுது பிள்ளை. வர முதல் போடோணும்" என்பார். வராத வருத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிற ஆள் கொழும்பிலேயே நீங்கள் ஒருவர்தான் என்று நான் பகிடி பண்ணுவேன். அவரும் சிரிப்பார். கனகாலம் அது எங்கள் இரண்டு பேருக்கும் பகிடியாகத்தான் இருந்தது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில் எங்கள் தொடர்மாடி. மூன்றாம் மாடியில் ஒரு கதவுக்குள் அம்மாவும் நானும், பக்கத்துக் கதவுக்குள் அக்காவும் நான் அண்ணை என்று கூப்பிடுகிற அவருடைய புருஷனும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் வேலை. அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், கத்தோலிக்க வேதக்காரர். தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தவராம். அந்த வளவில் தமிழும் சிங்களமும் ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்ததால் அக்காவுக்கு இரண்டு பாஷையும் ஒன்றாகவே வந்திருந்தன. அண்ணை அப்படியில்லை. கொழும்புக்கு வந்து தலை நரைத்த பிறகும் சிங்களத்தில் நன்றிக்குச் சொல்லுகிற "ஸ்தூதி" என்ற ஒரு சொல்லைத் தாண்டாதவர். வெள்ளவத்தையில் சிங்களம் இல்லாமலே மீன் வாங்கலாம், தலைமயிர் வெட்டலாம், கலியாணமும் கட்டலாம். மிச்சத்துக்கு அக்கா இருந்தார்.

அக்காவுக்கு ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை. எங்கள் ஒழுங்கைக்கோ அவர் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர். பொலிஸ், வங்கி, ஆஸ்பத்திரி, தண்ணீர் பில் பிழை, எதுவென்றாலும் சனம் அவருடைய கதவைத்தான் தட்டும். என்னுடைய சிங்களம் அலுவலகச் சிங்களம். முழுக்க விளங்கும், வாய் திறந்தால் வழுக்கும்.

ஒருநாள் கீழ்மாடி ஐயா அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டார். முறைப்பாடு கொடுக்க அக்காவோடு நானும் போனேன். எழுதிக்கொண்டிருந்த சார்ஜன்ட் எங்கே தொலைந்தது, எப்படித் தொலைந்தது என்று சுற்றிச் சுற்றி அதையே கேட்டார். ஐயாவுக்குச் சீவன் போய்விட்டது. "இந்த மாட்டுக்கு இன்னும் எத்தினை தரம் சொல்லுறது" என்று முணுமுணுத்தார். என்ன சொல்கிறார் என்று சார்ஜன்ட் கேட்டார். அக்கா கண்வெட்டாமல், இந்த மாட்டுக்கு இன்னும் எத்தனை தரம் சொல்வது என்று கேட்கிறார் என அப்படியே சிங்களத்தில் சொன்னார்.

சார்ஜன்டின் பேனை நின்றது. பிறகு அந்த மனிசன் வயிறு குலுங்கச் சிரித்து, மாடுதான், ஆனால் இந்த மாடு எழுதினால்தான் உமக்குப் புது அட்டை வரும் என்று சொல்லும்படி அக்காவிடம் சொன்னார். அக்கா அதையும் ஒரு சொல் பிசகாமல் ஐயாவிடம் ஒப்புவித்தார். வெளியில் வந்ததும் ஐயா பாய்ந்தார்.

"உதையும் ஏன் பிள்ளை சொன்னனீ? விட்டிருக்கலாந்தானே?"

"நீங்க சொன்னதைச் சொல்லத்தானே ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்க. இண்டைக்கு ஒண்டை நான் விட்டா, நாளைக்கு எதை விட்டனான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. கொழும்பில் பாதிப் பேருடைய சீவியம் அடுத்தவரின் வாயை நம்பித்தான் போகிறது. இப்படி ஒரு வாய் பக்கத்து வீட்டில் இருந்தது எங்களுடைய அதிர்ஷ்டம்.

ஆனால் அந்த வாய் வேலை செய்வதற்குக் கைப்பையில் குளிசை இருக்கவேண்டும் என்பதை நான் பிந்தித்தான் கண்டுபிடித்தேன். கொட்டாஞ்சேனையில் அவருடைய தாயின் நினைவுப் பூசைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியபோது பையைத் திறந்து பார்த்தார். குளிசை அட்டை இருந்தது. எல்லாக் குழியும் வெறுமை. நான் பார்த்துக்கொண்டிருக்கவே முகத்திலிருந்து இரத்தம் இறங்கியது. "இறங்குவம், இறங்குவம்" என்று கொண்டக்டரைத் தாண்டி ஓடினார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பூசைக்கு நேரமாகிறது என்று நான் கத்தியது காதில் ஏறவில்லை. வெயிலில் நடந்து ஒரு பாமசியைக் கண்டுபிடித்து, அட்டை ஒன்றை வாங்கி, கையில் பிடித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"போடுங்கோவன், ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?" என்றேன் எரிச்சலோடு.

"இப்ப தேவையில்லை. கைல இருக்குத்தானே."

அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு கதை சொன்னார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஒற்றைத் தலையிடி இருந்ததாம். ஏ.எல். சோதனை மண்டபத்தில் அது வந்து, கண்ணுக்குமுன் எழுத்து ஓடி, பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வாந்தியோடு வெளியே வந்தாராம். பல்கலைக்கழகம் அத்தோடு போயிற்று. "அண்டைக்கு ஒரு குளிசை கைல இருந்திருந்தா என்ட வாழ்க்கை வேற பிள்ளை" என்றார். சொல்லிவிட்டு, இப்போதுதான் தேவையில்லை என்று வைத்த அட்டையை எடுத்து ஒன்றைப் போட்டுக்கொண்டார். எனக்கு அன்று பகிடி பண்ண வாய் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். யாராவது கதவைத் தட்டினால் ஒன்று. வங்கிக்கு வெளிக்கிட்டால் ஒன்று. மழை இருட்டினால், மாமியார் போன் எடுத்தால், ஞாயிற்றுக்கிழமை பூசை நீண்டுவிடும் என்று தெரிந்தால், ஒவ்வொன்று. காலையில் எழும்பும்போதே தலை பாரமாகத்தான் எழும்புவாராம். அதற்கு இரண்டு. அண்ணை பாவம், கடையால் வந்து சேட்டைக் கழற்றமுன் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார், நெற்றிக்கு ஈரத்துணி போடுவார், தைலம் தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல்களிலும் அந்த மணம் ஊறிப்போயிருந்தது. கடையில் சேலை விரிக்கும்போது வாடிக்கையாளர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். "குறையுதில்லையே பிள்ளை, மருந்தும் போடுறா, கூடிக்கொண்டுதான் போகுது" என்று படியில் கண்டால் புலம்புவார். மருந்து போடுவதால்தான் கூடுகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒருநாள் யாரோ ஒருவரின் பிள்ளையைச் சேர்க்கப் பாடசாலை அலுவலகத்தில் கதைத்துக்கொண்டிருந்தபோது அக்கா அப்படியே மயங்கி விழுந்தார். முகம் வீங்கியிருந்தது. இரத்தம் சோதித்து, கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். அண்ணை வந்து எங்கள் கதவில் நின்றார். "நீயும் வா பிள்ளை. அவவுக்குத் தலை சுத்தினா அந்தச் சனத்துக்குள்ள பாஷை தெரியாம நான் என்ன செய்யிறது?" அக்காவுக்கு நான் வருவது பிடிக்கவில்லை. எனக்கு விளங்கியது, ஆனாலும் போனேன்.

டொக்டர் இளம் பெண், சிங்களவர், பொறுமையானவர். இரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், ஒரு நாளைக்கு எத்தனை குளிசை என்று கேட்டார். அக்கா சொன்ன தொகையை நம்பாமல் கைப்பையைத் திறக்கச் சொன்னார். பிறகு கதிரையை இழுத்து முன்னுக்கு வந்து ஆறுதலாகச் சொன்னார். இது பழைய தலையிடி இல்லை. இப்போது தலையை இடிக்க வைப்பது குளிசைதான். ஒன்றின் வேகம் இறங்க, தலை அடுத்ததைக் கேட்கிறது. சிறுநீரகம் களைக்கத் தொடங்கிவிட்டது. முழுக்க நிறுத்தவேண்டும். நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாக இடிக்கும், மாசக்கணக்கில்கூட இழுக்கலாம், ஆனால் குறையும். உங்களால் தனிய முடியாது, வீட்டில் ஒருவர் காவல் இருக்கவேண்டும். "இதை உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள்" என்று முடித்தார்.

அக்கா அண்ணையின் பக்கம் திரும்பினார். அவருடைய அந்தத் தெளிந்த குரல், பொலிஸில் கேட்ட அதே குரல்.

"பழைய தலையிடிதானாம். நான் வெறும் வயித்தில போடுறதுதான் பிழையாம். சாப்பிட்டிட்டுப் போடட்டாம். பயப்பட ஒண்டும் இல்லையாம்."

"கடவுளே" என்றார் அண்ணை. கண் கலங்கிவிட்டது. டொக்டரைப் பார்த்துக் கைகூப்பி, முகமெல்லாம் மலர்ந்து, "ஸ்தூதி, ஸ்தூதி" என்றார்.

டொக்டர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். இப்படி ஒரு செய்தியைக் கேட்டு எந்தப் புருஷன் சிரிப்பான்? அவர் என் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் சொன்னாரா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. பொய் சொன்னதற்கல்ல, அந்தக் குரலில் சொன்னதற்கு.

"அண்ணை, டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை" என்று தொடங்கினேன். குளிசைதான் வருத்தம் என்றேன். நிறுத்தவேண்டும், நிறுத்தினால் ஒரு கிழமை கடுமையாக இருக்கும், நீங்கள் காவல் இருக்கவேண்டும் என்றேன். அண்ணையின் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு நாக்குத் தடுமாறியது. அத்தோடு நிறுத்திவிட்டேன்.

அக்கா தலையைக் குனிந்தபடி இருந்தார். பிறகு மெல்ல, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"ஒரு கிழமை இல்லை பிள்ளை. மாசக்கணக்கு எண்டு சொன்னவ. சிறுநீரகத்தையும் விட்டிட்டீங்க."

அண்ணை கையை நீட்டினார். அக்கா கைப்பையைக் கொடுத்துவிட்டு அழத் தொடங்கினார். தாதி வந்து கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொல்லாமல் விட்டால் அந்த மனிசியைப் பற்றிச் சொன்னதாகவும் ஆகாது. அண்ணை கடைக்கு லீவு போட்டார். அரிசி வாளிக்குள், தலையணை உறைக்குள், மாதா சுரூபத்துக்குப் பின்னால் என்று தேடித் தேடி எடுத்தார். வெள்ளவத்தையிலுள்ள தமிழ்ப் பாமசி ஒவ்வொன்றுக்கும் போய், போனில் இருந்த படத்தைக் காட்டி, இவவுக்குக் குடுக்காதேங்கோ என்று கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா பம்பலப்பிட்டிக்குப் போனார், தெஹிவளைக்குப் போனார். அங்கே சொல்ல அண்ணைக்குப் பாஷை இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் என் வழுக்கல் சிங்களத்தில் சொன்னேன். ஒரு கடைக்காரப் பெண், "அனே பவ்", ஐயோ பாவம், என்று நெஞ்சில் கைவைத்தாள். இப்படிக் கடை கடையாக அந்த அக்காவின் மானத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விற்றோம். வேறு வழி இருந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய அறை. பகலில் சுவரில் ஏதோ முட்டுகிற சத்தம் கேட்கும். அம்மா முதலில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தாள். அது அக்காவின் தலை. அண்ணை தன் கையைச் சுவருக்கும் தலைக்கும் நடுவில் வைத்திருப்பார். அவருடைய புறங்கை நீலம் பாரித்திருந்ததைப் படியில் பார்த்தேன். காரியம் கேட்டு வந்த சனம் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

ஒரு பின்னேரம் அலுவலகத்தால் வந்தபோது அக்கா எங்கள் வீட்டில் நின்றார். அம்மா குளிக்கப் போயிருந்தாள். அம்மாவின் மருந்துப் பெட்டி மேசையில் கவிழ்ந்து கிடந்தது. வாதக் குளிசை எது, பிறஷர் குளிசை எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிப் பிடித்திருந்தார். நான் கையைப் பிடித்து விரல் விரலாகப் பிரித்தேன். எலும்பும் தோலுமான கையில் அவ்வளவு பலம்.

"ஒண்டே ஒண்டு பிள்ளை. போடமாட்டன். கைல வச்சிருக்கிறன், அவ்வளவுதான்."

"இவ்வளவு நாளும் தாங்கினீங்களே அக்கா. தலையிடி இப்ப எப்பிடி?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பச்சைப் பயம்.

"நேத்து முழுக்க இடிக்கேல்லை. இண்டைக்கும் இல்லை."

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. "பாத்தீங்களா! டொக்டர் சொன்னது சரிதானே. நிண்டிட்டுது!"

"நிக்கேல்லை பிள்ளை. வரப்பாக்குது. இடிக்கேக்க இடிக்குது எண்டு இருந்திட்டன். இப்ப எந்த நேரம் வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். இது அதைவிட மோசம். கைல ஒண்டும் இல்லாம எப்பிடிப் படுக்கிறது, எப்பிடி எழும்புறது?"

வருத்தத்துக்கு மருந்து இருக்கிறது. வராத வருத்தத்துக்கு என்ன இருக்கிறது? அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதுபோல உடம்பு வேர்த்துக் குளிர்ந்திருந்தது. அண்ணை வந்து கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்து வந்த போயா பௌர்ணமி விடுமுறையன்று காலை நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பால் அக்காவின் குரல். கனநாளாகக் கேட்காத அந்தத் தெளிந்த குரல், அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக. சிங்களம். அதன் பின்னால் அண்ணையின் குரல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல.

"மட்ட."

"மட்ட."

"ஒளுவே கெக்குமய்."

"ஒளுவே... கெக்குமய்."

"பெஹெத் தென்ட. இப்ப முழுக்கச் சொல்லுங்கோ. சொல்லேக்க கையை நெத்தியில வையுங்கோ, அப்பதான் நம்புவாங்கள்."

மட்ட ஒளுவே கெக்குமய், பெஹெத் தென்ட. எனக்குத் தலையிடி, மருந்து தாருங்கோ. எத்தனையோ வருடமாகச் சிங்களம் ஏறாத மனிசன் அன்று காலை அதைப் பாடமாக்கினார். அக்காவுக்குக் கொடுக்கவேண்டாம் என்று நாங்கள் எல்லாப் பாமசியிலும் சொல்லியிருந்தோம். அண்ணைக்குத் தலையிடி வந்தால் கொடுக்கவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பம்பலப்பிட்டியிலும் தெஹிவளையிலும் சொல்லிக்கொண்டு நின்றவர் அவரில்லை, நான். அவருடைய முகம் அந்தச் சிங்களக் கடைக்காரருக்கு நினைவிருக்காது.

நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது அண்ணை குடையோடு படியிறங்கத் தொடங்கியிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. குறுக்கே போய் நின்றேன்.

"அண்ணை, போகாதேங்கோ. டொக்டர் சொன்னதை மறந்திட்டீங்களா? இவ்வளவு தூரம் வந்திட்டீங்க."

"மறக்கேல்லை பிள்ளை. நீ சொன்னதெல்லாம் விளங்கினது. அவ சொன்னதும் விளங்கினது." நீலம் பாரித்த கையால் என் தோளைத் தொட்டு மெல்ல விலக்கினார். "நேற்று பல்கனிக் கம்பியில கால் வைச்சிட்டா. நான் பிடிச்சனான். நாளைக்கு நான் கடைக்குப் போகோணும்."

அவர் இறங்கிப் போனார். நான் பல்கனிக்கு ஓடினேன். பக்கத்துப் பல்கனியில் அக்கா நின்றார். குளித்து, தலை இழுத்து, பவுடர் போட்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கீழே அண்ணை கேற்றைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கி, நாலடி வைத்து நின்றார். திரும்பி மேலே பார்த்தார். வாய் திறந்திருந்தது, சொல் இல்லை. கையை விரித்துக் காட்டினார்.

அக்கா கம்பியில் சாய்ந்து, மூன்று மாடிக்கும் கேட்க, ஒழுங்கை முழுக்கக் கேட்க, அழகான சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னார். "மட்ட ஒளுவே கெக்குமய்! பெஹெத் தென்ட!"

கேற்றடியில் நின்ற ஓட்டோக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சிங்களவர், இரக்கமுள்ள மனிசன். உங்களுக்கா தலையிடி நோனா, நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று அவரும் சிங்களத்தில் சத்தமாகக் கேட்டார்.

"மட்ட நெமெய், எயாட்ட" என்றார் அக்கா, அண்ணையைக் காட்டி. எனக்கில்லை, அவருக்கு.

ஓட்டோக்காரர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வந்து அண்ணைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். என்ன கதைத்தார்கள் என்று அண்ணைக்கு விளங்கவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஏறினார்.